காலிமுகத்தில் ஓராண்டு

கொழும்பு மாநகரைக் காண வெளியூரிலிருந்து வரும் நம்மவருள் காலிமுகத் திடலைப் பாராமல் திரும்புவோர் மிகச் சிலரே. பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். பெரியவர்கள் கச்சான் கொறித்தபடி அலைகளை எண்ணுவார்கள். இளஞ்சோடிகள் ஒரு குடையின் கீழ் ஒதுங்கி உலகத்தை மறப்பார்கள். கதிரவன் கடலில் இறங்கியதும் யாவரும் மணலைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகக் கொழும்பில் வாழும் நானும் அத்திடலை அவ்வளவிலேயே அறிந்திருந்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அதனை என் கால்களால் அளந்தறிய நேரும் என்று நான் கனவிலும் கருதியதில்லை. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எனக்குச் செய்யப்பட்ட ஒரு சத்திர சிகிச்சையே அதற்குக் காரணமாயிற்று.

உடல் நிறையைக் குறைப்பதற்கான சிகிச்சை அது. இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி அகற்றிவிட்டு, எஞ்சியதை ஒரு வாழைப்பழ அளவான குழாயாக விட்டுவிடுவார்கள். வயிற்றைக் கீறித் திறப்பதில்லை. நான்கைந்து சிறு துளைகளின் வழியே காரியம் முடிந்துவிடுகின்றது. முன்னர் மிகப் பருத்த நோயாளிகளுக்குச் செய்த இன்னொரு பெரிய சிகிச்சையின் முதற்படியாகவே இதனைச் செய்தார்களாம். முதற்படியிலேயே பலருக்குப் போதிய நிறை குறைந்துவிடுவதைக் கண்ட பின்னர்தான் இது தனிச் சிகிச்சையாகியது. அகற்றப்படும் பகுதியிலேதான் பசியைத் தூண்டும் சுரப்புநீர் பெரும்பாலும் ஊறுகின்றது. ஆகவே வயிறு சிறுத்துவிடுவது மட்டுமன்றிப் பசியும் தணிகின்றது.

ஒரு பள்ளி ஆசிரியை இவ்வளவு துணிவது எதற்கு என்று வாசகர் வினவலாம். என் நிறை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. உயரமோ ஐந்தடி இரண்டு அங்குலம். நாளொன்றுக்கு நாற்பத்து நான்கு அலகு இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தேன். என் தந்தையாருக்கும் இதே நீரிழிவுதான். அவருடைய வலக்கால் முதலில் விரலோடு போயிற்று, பின்னர் கணுக்காலோடு, ஈற்றில் முழங்காலோடு போயிற்று. அந்த மூன்று முறையும் ஆஸ்பத்திரி வாங்கிலில் அமர்ந்திருந்தவள் நான். அதைவிடக் கத்தி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

கத்திக்கு அஞ்சவில்லை என்று சொன்னேன். அஞ்ச வேண்டியவை எல்லாம் கத்திக்குப் பின்னால் வரிசையில் நின்றன என்பதை அப்பொழுது நான் அறியேன்.

சிகிச்சை நடந்த அன்று மாலையே தாதி ஒருவர் என்னை எழுப்பி நடக்கச் சொன்னார். "படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அம்மா. பத்து அடி நடவுங்கள், போதும்" என்றார். கட்டிலிலிருந்து கதவு வரை பத்து அடி. அந்தப் பத்து அடிதான் பிற்பாடு காலிமுகத் திடல்வரை நீண்டது.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் வசிக்கின்றோம். நடப்பதற்குக் கடலோர வீதி வாசலிலேயே இருக்கின்றது. ஆயினும் வெள்ளவத்தையில் நடப்பது என்றால் சம்பாஷணை செய்வது என்பதே பொருள். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து கொழும்பில் விரித்தது போன்ற இடம் அது. நூறு யார் நடப்பதற்குள் நான்கு பேர் மறிப்பார்கள். அந்த நால்வரும் உடம்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். "என்ன டீச்சர், ஒப்பரேஷன் செய்தும் பெரிதாய் ஒன்றும் குறையவில்லைப் போல" என்று முதல் வாரத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். அன்புடன்தான் கேட்டார். அவ்வன்பைத் தாங்கும் வலு எனக்கு இருக்கவில்லை. ஆகவே நான்காம் வாரத்தில், என்னை எவரும் அறியாத இடமாகிய காலிமுகத்துக்கு நூறாம் இலக்கப் பஸ்ஸில் புறப்பட்டேன். என் மகள் துணைக்கு வந்தாள். அப்பொழுது அவள் பத்தாம் வகுப்பு மாணவி. கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பழைய கணிதக் கொப்பி ஒன்றும் வைத்திருந்தாள். கொப்பியின் பின்பக்கத்தில் என் அடிகளைக் குறித்துக்கொள்வதாக அவளே ஏற்பாடு.

திடலின் தென்கோடியில் காலிமுக ஹோட்டல் நிற்கின்றது. 1864ஆம் ஆண்டில் தொடங்கியது. வடகோடிக்கு அப்பால் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடம், இன்று ஜனாதிபதி செயலகம். இரண்டுக்கும் நடுவே கடலோரமாக அரைக் கிலோமீற்றர் தூரம் நடைபாதை. நல்ல உடம்பினர் ஏழெட்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். முதல் நாள் நான் நூற்றைம்பது அடி நடந்து, கடற்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு படபடத்தது. அது களைப்பா, அச்சமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏனெனில் அந்நாட்களில் எனக்கு ஒரே பயம். வெட்டி அடைத்த இரைப்பையின் விளிம்பு எங்கேனும் விட்டுப் போனால் உள்ளிருப்பது வயிற்றறைக்குள் கசியும். அரிதாக நிகழ்வதுதான், நிகழ்ந்தால் உயிருக்கு ஆபத்து. காய்ச்சல், விடாத வயிற்று நோவு, காரணமின்றி விரைந்தோடும் நாடி, மூச்சிளைப்பு, தோளில் குத்து, இவற்றில் எது கண்டாலும் நேரம் பாராமல் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அத்தாளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். நள்ளிரவில் விழித்து நாடியைப் பிடித்து எண்ணுவேன். எண்ணத் தொடங்கினால் அது விரைவாகவே ஓடும். என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து விளக்கைப் போட்டு, காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவார். காய்ச்சல் இராது. இப்படிப் பதினாறு இரவுகள்.

மூன்றாம் நாள் நான் களைத்து நின்ற இடத்தில் ஒரு கல் இருந்தது. "அம்மா, இது உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்று மகள் சிரித்தாள். குனிந்து வாசித்தேன். இந்த நடைபாதை 1856இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் என்பவரால் தொடங்கப்பெற்று 1859இல் நிறைவெய்தியது என்றும், கொழும்பு நகரத்துப் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அவருக்குப் பின்வரும் தேசாதிபதிகள் இதனைப் பேணவேண்டும் என்றும் அதில் பொறித்திருந்தது. இத்தனை ஆண்டுகளும் அதனருகே நின்று அன்னாசி தின்றிருக்கின்றேன்; ஒரு நாளும் வாசித்ததில்லை. களைத்து நிற்பவர்களுக்கே சில எழுத்துக்கள் கண்ணில் படும் போலும். பாவம், அந்த வார்ட் துரை நடைபாதையை முடித்த மறு ஆண்டே சென்னை மாகாணத்துக்குத் தேசாதிபதியாக மாற்றலாகிப் போய், போன சில வாரங்களுக்குள் வாந்திபேதி கண்டு இறந்தார். அவர் போட்ட பாதை நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது.

அவருக்கு முன்னும் இத்திடலுக்குக் கதை உண்டு. கோட்டையிலிருந்த ஒல்லாந்தர் தங்கள் பீரங்கிகளுக்கு மறைவின்றிக் குறி கிடைக்க வேண்டும் என்று இவ்வெளியைத் திறந்தபடி வைத்திருந்தனர் என்பர். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே குதிரைப் பந்தயம் நடைபெற்றது. 1893இல் அது கறுவாத்தோட்டத்துக்குப் போயிற்று. நம் காலத்திலோ, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாள் இளைஞர் இங்கே கூடாரம் அடித்தனர். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள் அவர்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தனர். அந்த ஆண்டு ஜூலையில் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேறினார். இத்தனையும் நடந்த இடத்தில், இருநூறாவது அடியை எட்டிவிட்டேனா என்பது ஒருத்தியின் பெருங் கவலையாக இருந்தது.

நிற்க. உணவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். குடும்பப் பெண்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முதல் இரு வாரமும் நீராகாரம் மட்டுமே. வடித்த பருப்புத் தண்ணீர், கஞ்சித் தெளிவு, ஆட்டெலும்பு ரசம், ஆடை நீக்கிய பால் ஆகியன. அதையும் மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது. ஒரு தேநீர்க் கோப்பையை முடிக்க முக்கால் மணி நேரம் செல்லும். பிறகு மசித்த உணவு: முள் நீக்கிப் பிசைந்த மீன், அவித்த முட்டை, தயிர், பூசணிக்காய். ஆறேழு வாரம் சென்றபின் மெல்ல மெல்லத் திட உணவு. எதை உண்டாலும் மீனோ முட்டையோ பருப்போ முதலில். சோறு ஈற்றில், இடம் மிஞ்சினால். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. உண்டு அரைமணி நேரம் கழித்தே அருந்தலாம். நமது உணவுகளில் இடியப்பமும் சொதியும் எளிதில் இறங்கின. பாணும் புட்டும் எனக்குச் சத்துருக்கள். தொண்டைக்குக் கீழே ஓரிடத்தில் வந்து அப்படியே நின்றுவிடும்.

சண்டிலிப்பாயிலிருந்து மாமி வந்திருந்தார். ஒடியல் மாவும் காய்ந்த இறாலும் கட்டிக்கொண்டு வந்தவர், நான் மூன்று மேசைக்கரண்டி மீனோடு எழுந்துவிடுவதைக் கண்டு கண்கலங்கினார். "பிள்ளை, ஒரு கோப்பை கூழ் குடித்தால் என்ன குறைந்துபோய்விடும்?" என்றார். ஒன்றும் குறையாது, அதுதான் மாமி பயம் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன். மருமகளுக்கு வயிறு நிறையப் போட்டு வளர்த்த கை அது. ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு வாய் வாங்கிக் குடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. என் வயிறும் ஏற்றுக்கொண்டது.

காலிமுகத்தில்தான் தவறு செய்தேன். ஒன்பதாம் வாரம். அன்று நான்கு நூறு அடி நடந்திருந்த பெருமிதம். வண்டியில் இறால் வடை எண்ணெயில் பொரிகின்ற மணம் காற்றிலே வந்தது. காலிமுகத்து இறால் வடையைத் தின்னாதவர்களுக்கு அதனை விளக்க இயலாது. தின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பருப்பு வடையின் நெற்றியில் முழு இறால்கள் ஒட்டியிருக்க, மேலே வெங்காயமும் மிளகாய்ச் சாந்தும். வண்டிக்கார நானா தாளில் வைத்து நீட்டினார். மகள் கூடாது என்று கண்ணால் சொன்னாள். நான் அரை வடையை, அதுவும் பேசிக்கொண்டே, நான்கு கடியில் விழுங்கிவிட்டேன்.

இரண்டு நிமிடம் செல்லவில்லை. நெஞ்செலும்பின் பின்னால் ஒரு கல் வந்து அமர்ந்தாற்போல் வலி. வாயில் நுரைநுரையாக எச்சில் சுரந்தது. கடற்சுவரைப் பற்றிக் குனிந்தேன். என் மனத்தில் அப்பொழுது ஓடிய எண்ணம் ஒன்றே: கிழிந்துவிட்டது. என் மகளின் கண்முன்னே ஒரு வடைக்காக நான் சாகப்போகின்றேன். என் தந்தையாரின் காலை விட இது கேவலமான முடிவல்லவா?

மகள் கைத்தொலைபேசியில் ஆஸ்பத்திரியை அழைத்தாள். மறுமுனையில் பேசிய தாதி ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? இல்லை. மூச்சு முட்டுகின்றதா? இல்லை. வலி கூடிக்கொண்டு போகின்றதா, அப்படியே நிற்கின்றதா? நானா ஓடிவந்து தம் முக்காலியைக் கொடுத்து அமரச் செய்தார். இருபது நிமிடத்தில் உண்டது வெளியே வந்தது; வலி நின்றது. விரைந்து விழுங்கியதைச் சிறு குழாய் ஏற்க மறுத்ததேயன்றி வேறொன்றுமில்லை என்று மறுநாள் மருத்துவரும் சொன்னார். அன்றிரவு கொப்பியில் மகள் எழுதியிருந்தது: "அடி 412. வடை அரை. தோல்வி." தோல்வி என்ற சொல்லை அவளே பின்னர் வெட்டிவிட்டிருந்தாள்.

ஆயினும் இவையெல்லாம் ஓரிரவில் வந்து போகும் பயங்கள். ஓசையின்றி வந்து வீட்டில் குடியேறிய பயம் வேறொன்று. அது குளியலறை மூலையில் இருந்த தராசு.

முதல் மூன்று வாரத்தில் எட்டுக் கிலோ குறைந்து நூற்றுப் பத்தாயிற்று. அப்படியே நின்றது. பன்னிரண்டு நாள் ஒரு கிராம் அசையவில்லை. நாளொன்றுக்குக் குழந்தையளவு உணவு உண்பவளுக்கு எப்படி நிறை குறையாமல் போகும்? மருத்துவர் விளக்கினார்: உடல் தன் அவசரச் சேமிப்பாகச் சர்க்கரையை ஈரலிலும் தசையிலும் நீரோடு சேர்த்து வைத்திருக்கின்றது, முதலில் அது கரையும்போது நீரும் போய்விடுவதால் தராசு வேகமாக இறங்கும், பிறகு உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை நிற்கும், மூன்றாம் வார அளவில் பெரும்பாலோருக்கு இது நேர்கின்றது. சொன்னபடியே பின்னர் இறங்கியது. மே மாதத்தில் நூற்று மூன்று. இன்சுலின் படிப்படியாகக் குறைக்கப்பட்டு அம்மாதத்தோடு நிறுத்தப்பட்டது. அன்று நான் வீடு திரும்பி ஊசிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்துடன் நிறைவடைந்திருக்க வேண்டியவள் நான். மனித மனம் அப்படிப்பட்டதன்று. என்னோடு அதே வாரத்தில் அதே சிகிச்சை செய்துகொண்ட இளைஞன் ஒருவன் அடுத்த கட்டிலில் இருந்தான். ஆகஸ்டில் அவன் தன் படத்தை அனுப்பியிருந்தான். நாற்பத்தைந்து கிலோ குறைந்து, அடையாளமே தெரியவில்லை. நானோ ஜூலையில் தொண்ணூற்றெட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஏழு வாரம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, காப்புக்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு முறை ஏறிப் பார்ப்பேன். போதாக்குறைக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. உடல் திடீரென மெலிவதனால் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பலருக்கு நேர்வதுதான், பின்னர் வளரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சீப்பைப் பார்க்கும்போது சொன்னதெல்லாம் மறந்துபோகின்றது.

அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். காலிமுகத்தில் கடல் கொந்தளித்து, அலைகள் சுவரில் மோதி நடைபாதை முழுவதும் உப்பு மழையாகச் சிதறும். வழுக்கும் என்று முதலில் ஒரு நாள் நின்றேன்; பின்னர் வாரம் நின்றேன். சத்து மாத்திரைகள் தீர்ந்தன, வாங்கவில்லை. இச்சிகிச்சை செய்துகொண்டோர் இரும்பு, சுண்ணாம்பு, பீ பன்னிரண்டு, டீ உயிர்ச்சத்து ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் மறவாமல் எடுக்கவேண்டும் என்பதை நான் அறிவேன். மாணவிகளுக்குச் சுகாதாரம் கற்பிப்பவள் அறியாமலிருப்பாளா? ஆகஸ்டில் ஆறாம் மாதக் கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளும் வந்தது. பள்ளியில் பரீட்சை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பரீட்சை எனக்குத்தான், தொண்ணூற்றெட்டு என்ற புள்ளியோடு மருத்துவர் முன் நிற்க வெட்கம். இத்தனை செலவு செய்து, உடலை அறுத்து, இதிலும் தோற்றவள் என்று எழுதிவிடுவார்களே என்ற வெட்கம். இதனை என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. இக்கட்டுரையை வாசித்துத்தான் அவர் அறியப்போகின்றார்.

செப்டெம்பர் இறுதியில் மழை ஓய்ந்தபின் மகள் வற்புறுத்தி மீண்டும் அழைத்துச் சென்றாள். கொடிக்கம்பம் வரைகூட என்னால் நடக்க இயலவில்லை. ஜூனில் முழுத் திடலையும், எண்ணூறு அடியும், நில்லாமல் கடந்தவள். மூச்சு வாங்கி, கண்கள் இருண்டு, கற்கட்டில் அமர்ந்துவிட்டேன். என் உடல் இந்தச் சிகிச்சையைக் கைவிட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன்.

அங்கே ஒரு வயோதிபச் சிங்கள மாது நாள்தோறும் கைத்தடியோடு நடப்பார். முழங்காலில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர். ஒரு கொழுக்கட்டை வேகும் நேரத்தில் பத்து யார் நகர்வார். பலமுறை புன்னகைத்துக் கடந்திருக்கின்றோம், பேசியதில்லை. அன்று அவர் என் எதிரே நின்று, "மகளே, கண்ணைக் கீழே இழுத்துக் காட்டு" என்றார் சிங்களத்தில். காட்டினேன். "வெள்ளையாக இருக்கிறதே. இது நடக்காததால் வந்த களைப்பு இல்லை. நாளைக்கே போய் இரத்தம் பார்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வைத்தியர் ஏசுவார் என்று நான் முணுமுணுத்தேன் போலும். அவர் தடியை ஊன்றி என்னைப் பார்த்தார். "ஏசினால் ஏசட்டும். நீ என்ன, அவருக்கு மெலிந்து காட்டவா வெட்டிக்கொண்டாய்?" என்று கேட்டுவிட்டுத் தம் வழியே ஊர்ந்து போனார்.

அந்த வாரமே போனேன். மருத்துவர் ஏசவில்லை. இரத்தத்தில் இரும்பு மிகக் குறைந்திருந்தது, உயிர்ச்சத்துக்களும் குறைவு. இன்னும் சில மாதம் இப்படியே ஒளிந்திருந்தால் நரம்புகளையே பாதித்திருக்கும் என்றார். பிறகு தராசில் ஏறச் சொன்னார்; தொண்ணூற்றேழரை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோ பழைய சீட்டுக்களைப் புரட்டி, "இன்சுலின் எத்தனை அலகு?" என்றார். இல்லை என்றேன். "மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு நன்றாக இருக்கிறது. எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" மகள் கணிதக் கொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நூற்றைம்பது, நூற்றெண்பது, நானூற்றுப் பன்னிரண்டு, எண்ணூறு. மருத்துவர் அதைத்தான் அதிக நேரம் வாசித்தார். அந்த இளைஞனைப் பற்றியும் கேட்டேன். இளம் வயதினர், ஆண்கள், தொடக்கத்தில் மிகக் கூடிய நிறையுடையோர் ஆகியோருக்குக் கிலோக் கணக்கு வேகமாக இறங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். முழுப் பயனும் தெரிய ஓராண்டு, ஒன்றரை ஆண்டு செல்லும் என்றார். தராசில் வாரம் ஒரு முறை மட்டுமே ஏறவேண்டும் என்று கட்டளையிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் அதனைத் தூக்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிறு காலையில் மட்டும் வெளியே வரும்.

இரும்புச் சத்து ஏறிய பின் நடையும் ஏறியது. டிசெம்பரில் திடலைப் போய்த் திரும்பினேன்; ஆயிரத்து அறுநூறு அடி. அம்மாதத்து மாலைகளில் காலிமுகக் கடல் குளம் போல் கிடக்கும். வடக்கே துறைமுக நகரம் தெரிகின்றது. 2014இல் கடலில் மணல் கொட்டத் தொடங்கி, இருநூற்று அறுபத்தொன்பது ஹெக்டேயர் நிலத்தை எழுப்பினார்கள். 2019இல் நிரப்பி முடித்தும், பரந்த மணல்வெளியில் கட்டடங்கள் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மகள் படிப்பில் சலிப்படையும் நாட்களில் அதைக் காட்டி நான் ஏதோ உபதேசம் செய்யத் தொடங்குவேன். அவள் காதில் வாங்குவதில்லை. நல்லதுதான்.

பயம் முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஓரிரு ஆண்டு கழித்துச் சிலருக்கு நிறை மீண்டும் ஏறுவதுண்டு என்பதை அறிவேன். கலியாண வீட்டில் பந்தியில் அமர்ந்தால் இன்றும் கை நடுங்குகின்றது. பரிமாறுபவர் மூன்றாம் முறை கேட்கும்போது சொல்ல வேண்டிய பதிலை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போகின்றேன். ஆயினும் கிளினிக்கு நாளைத் தவறவிடுவதில்லை. தராசு நின்ற வாரங்களில்தான் கட்டாயமாகப் போகின்றேன்.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலையில் தராசு எண்பத்தேழரை காட்டியது. முந்திய ஞாயிறும் அதுவே. மாலையில் மூவருமாகக் காலிமுகம் சென்றோம், கணவரும் வந்தார். திடல் காய்ந்து பழுப்பேறியிருந்தது. வானத்தில் நூறு பட்டங்கள். தடியூன்றிய மாது எதிரே வந்தார். என் கண்ணிமையைத் தாமே இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையை அசைத்தார்.

வடை வண்டிக்கார நானா என்னை மறக்கவில்லை. "அக்கா, முக்காலி எடுத்துப் போடவா?" என்று சிரித்தார். ஒரு வடை வாங்கினேன். விளிம்பில் ஒரு சிறு துண்டைப் பிட்டு, ஓர் இறாலோடு வாயில் இட்டு, கடலைப் பார்த்தபடி இருபத்தைந்து முறை மென்றேன். இறங்கியது. மிச்சத்தை மகளிடம் நீட்டினேன். அவள் மூன்று கடியில் முடித்துவிட்டுத் தாளில் விரலைத் துடைத்து, கொப்பியைத் திறந்தாள்.

"அம்மா, இன்றைக்கு எத்தனை அடி?"

எண்ண மறந்துவிட்டேன்.